சப்பரத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அது போக, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்குவதில்லை. பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

இதை எழுதக் காரணம் எங்கள் பங்குச் சாமியார். போன மாதம் ஞாயிறு பூசையில், நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று பிரசங்கம் வைத்தார். வைத்தவர் என்னைக் கைகாட்டி, "அந்த வெளிச்சம் இந்தக் கோயிலிலேயே உட்கார்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் சொன்ன கதையில் பாதிதான் நடந்தது. மீதிப் பாதியில் என் மனைவி இருக்கிறாள். அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து நின்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். ஒவ்வொரு வருடமும் ஆவணி பிறந்ததும் எங்கள் காலனி ஜனங்கள் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போவோம். செருப்புப் போட மாட்டோம். முன்னால் கொடி போகும். அதன் பின்னால் சைக்கிள் சக்கரம் வைத்த சப்பரத்தில் மாதா சுரூபம், பேட்டரி, ஒலிபெருக்கி. ஜெபமாலையின் முன்பாதியை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள், பின்பாதியை நடக்கிறவர்கள் சொல்ல வேண்டும். அது பதிவு செய்தது, தானாக ஓடும்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜெபமாலை ஓடும்போது கண் மாதாவின் மேல்தான் இருக்க வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்க்கும் அனுமதி ஒரே ஒருவனுக்குத்தான். கடைசியில் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டிகளுக்கு ஆட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு. அந்த வேலையை எனக்குக் கொடுத்தது என் மச்சான், என் மனைவியின் தம்பி. கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

"மாமா, உனக்கு இதான் சரியான டூட்டி. பின்னாடி பேய் வந்தா கூட நீ வாயத் தொறக்க மாட்ட. விளக்க மட்டும் ஆட்டிக்கினு வா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பயம் வந்தால் எனக்குச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

போன வருடம் விக்கிரவாண்டி தாண்டிப் பண்ருட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். இரண்டு பக்கமும் கரும்பு. என் மனைவி மற்ற பெண்களோடு சப்பரத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நடந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குட்டியானை வந்தது. வாழைத்தார் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. விளக்கை ஆட்டினேன். அது வேகம் குறைக்கவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன். என்னை உரசினாற்போல் ஒடித்துத் திருப்பி, ஓரமாக நடந்தவர்களைத் தாண்டி நேராகச் சப்பரத்தின் மேல் ஏறியது. தகரம் கிழிகிற சத்தம். பெண்கள் அலறினார்கள். வண்டி பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் குதித்துக் கரும்புக்குள் ஓடினான். அதைப் பார்த்தது நான் மட்டும்தான். மற்ற எல்லோருடைய முகமும் கவிழ்ந்த சப்பரத்தின் பக்கம் இருந்தது.

என் மனைவி கவிழ்ந்த சப்பரத்தின் அடியில் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

எதிரே வந்த ஆட்டோ ஒன்று நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி ஓடிவந்தார். சப்பரத்தின் அச்சைத் தோள் கொடுத்துத் தூக்கி அவள் காலை வெளியே எடுத்தார். தன் துண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். அப்புறம் அந்த லோடு வண்டியிடம் ஓடினார். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, டீசல் ஒழுகிய நாற்றம் எனக்கே அடித்தது. உள்ளே கையை விட்டு நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

அப்போதுதான் முன்னாலிருந்து என் மச்சான் வந்து சேர்ந்தான். அவன் கண்டது இவ்வளவுதான்: அக்காள் ரத்தத்தில் கிடக்கிறாள், வண்டியிலிருந்து காக்கிச் சட்டைக்காரன் ஒருத்தன் சாவியோடு வருகிறான்.

கொடிக்கம்பை ஓங்கி அவர் வாயில் அடித்தான்.

"நான் இல்லண்ணா, ஓட்டுனது நான்—"

அடுத்த அடியில் தாடை ஒடிந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல் இருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கல்லால் அடித்தார்கள், சப்பரத்தின் கழன்ற சட்டத்தால் அடித்தார்கள். நோன்பிருந்து நடந்து வந்த வெறுங்கால்களால் வயிற்றில் மிதித்தார்கள். ஒலிபெருக்கி கவிழ்ந்தபடியே கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி போகவில்லை. ஜெபமாலையின் முன்பாதி வந்தது. மிதித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, கோயிலில் வாசகம் படிக்கிறவர், காலைத் தூக்கி மிதித்தபடியே பின்பாதியைச் சொன்னார். சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வாய் தானாகச் சொல்லிற்று. கால் தானாக மிதித்தது.

"அவர் இல்ல" என்று நான் சொன்னேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இந்த இடத்தில் சாமியார் சொன்னது, நான் உடனே பாய்ந்தேன் என்று. இல்லை. நான் நின்றேன். அந்தப் பக்கம் என் மனைவி கிடந்தாள், அவளிடம் போக வேண்டும் என்றுதான் கால் துடித்தது. அவளைச் சுற்றிப் பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையை மடியில் வைத்திருந்தாள். இந்த மனிதரைச் சுற்றி அடிக்கிறவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் போனேன். பேச வராததால் மேலே விழுந்து படுத்துக்கொண்டேன்.

முதுகில் கல் விழுந்தது. விலாவில் உதை. அவர் தலையை என் இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். கொடிக்கம்பின் இரும்பு முனை என் வலது கையில் இறங்கியது. விளக்கு எங்கேயோ நொறுங்கிக் கிடந்தது. அடியில் கிடந்தவர் உடைந்த வாயால் என் காதில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"டியூஷன்ல பொண்ணு கீது... கூப்புட போவணும்... காத்துக்கினு கீதுண்ணா..."

மச்சான் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "எழுந்திரு மாமா! உன் பொண்டாட்டி அங்க செத்துக்கினு கீறா, நீ இவனக் கட்டிப் புடிச்சிக்கினு கீற! நீ ஆம்பளயா?"

நான் விடவில்லை. அவன் கம்பை மறுபடி ஓங்கினான். இந்த முறை என் தலைக்கு.

அந்த நேரம் ஒலிபெருக்கி நின்றது.

எப்படியென்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. பாதி வார்த்தையில் நின்றது. ரோடு திடீரென்று அமைதியாகிவிட்டது. ஓங்கிய கையோடு மச்சான் அப்படியே நின்றான். அந்த அமைதியில் என் குரல் வந்தது. சின்னக் குரல்தான்.

"ஓட்டுனவன் கரும்புல ஓடிட்டான். மஞ்ச பனியன். இவரு ஆட்டோக்காரரு. அதோ ஆட்டோ நிக்குது பாருங்க. உங்க அக்கா காலக் கட்னது இவருடா."

எல்லோரும் ஆட்டோவைப் பார்த்தார்கள். அதன் முன்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வந்தது. இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றினார்கள். அவருடைய பெண்ணைக் கூட்டிவர எங்கள் பெண்கள் இருவர் போனார்கள். வண்டிக்குள் என் மனைவியின் கையைப் பிடிக்கப் போனேன். விரல்கள் இறுக மூடியிருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே அறுந்த ஒயர். பேட்டரியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிற ஒயர். மடியில் வைத்திருந்தவளை உதறிவிட்டு ஊர்ந்துபோய்ப் பிடுங்கியிருக்கிறாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றேன்.

"நீ வாய அசைக்கிறத பார்த்தேன்" என்றாள். "உன் குரலு எனக்குத் தெரியாதா? இன்னா சொல்றன்னு கேக்கணும்னுதான்."

பிரசங்கத்தில் இது இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஏட்டு வந்தார். நல்ல மனிதர்தான். என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கூட்டம்யா. யாரு அடிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? தெரியாதுன்னு எழுதிக்கினு போறேன். ஜல்தியா முடிஞ்சிரும். உனக்கும் பேஜாரு இல்ல."

பக்கத்து வார்டில் ஆட்டோக்காரர் தாடையில் கம்பி கட்டிப் படுத்திருந்தார். இடது காது கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பெண் ஸ்கூல் பையோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது.

"தெரியும் சார்" என்றேன். "மொத அடி என் மச்சான். அப்புறம் யார் யாருன்னும் சொல்றேன்."

மச்சானை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துப் போனார்கள். அக்காளுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு வந்தவன், அதைக் கையில் வைத்தபடியே ஜீப்பில் ஏறினான். என் மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கால் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்னிடம் பேசவில்லை. காலனியில் என் வீட்டுக் கதவில் மலத்தை அடித்தார்கள். கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இப்போது கை தட்டியவர்களில் சிலர் அப்போது கல்லெறிந்தவர்கள்தான்.

ஜாமீனில் வந்த மச்சான் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். வாசலில் வைத்து அறைந்தான். மறுபடி அறைந்தான். என் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினாலும் அந்தக் கை உதவாது. உள்ளேயிருந்து என் மனைவி ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அடிச்சி முடிச்சிட்டியா? இன்னும் பாக்கி கீதா?"

"இவன் பண்ணத பாத்தியாக்கா?"

"பாத்தேன். நீ பண்ணதயும் பாத்தேன். என் கால கட்டுன கையிடா அது. அதப் போட்டு மிதிச்சீங்களேடா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கை கழுவிக்கினு உள்ள வாங்க ரெண்டு பேரும். சோறு ஆறுது."

அதுதான் அவள் மறுபடி என்னைச் சேர்த்துப் பேசிய முதல் பேச்சு. அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

வழக்கு விழுப்புரம் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போகிறோம். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் நிற்பார், மச்சான் ஒரு பக்கம் நிற்பான், நானும் மனைவியும் நடுவில். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. போன வாய்தாவில் கோர்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நல்ல வெயில். அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். பின்னால் ஆட்டோ வந்து நின்றது.

"ஏறும்மா. கால இழுத்துக்கினு எவ்ளோ தூரம் போவ?" கம்பி எடுத்த பிறகும் அவருக்குப் பேச்சு பல்லுக்குள்ளேயேதான் வருகிறது. நாங்கள் ஏறினோம். கொஞ்சம் தள்ளி நின்ற மச்சானைப் பார்த்தார்.

"நீயும் ஏறு" என்றார். "இந்தப் பக்கம் உக்காராத. இது செவிட்டுக் காது. நீ கிட்ட வந்தாலும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போ."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினான். ரயில்வே கேட் தாண்டினதும் முன்னால் சாய்ந்து அவர் காதருகில் ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆட்டோக்காரர் தலையைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்துக்கொண்டு ஓட்டினார்.

"இன்னா சொன்னான்?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன்.

"உனக்கில்ல, அவருக்குச் சொன்னான்" என்றாள்.

இந்த வருடமும் நடக்கிறோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்கிற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சிவப்பு விளக்கு புதிது வாங்கியாகிவிட்டது. இடது கையில் பிடித்துக்கொள்வேன்.

எழுதியது: ஆவணி மாதம், வேளாங்கண்ணிக்குப் புறப்படுவதற்கு முந்தின வியாழக்கிழமை, திண்டிவனம்.