பக்கத்து அட்டை

அற்புதராஜுக்கு ஆட்டுக்கால் பாயா பிடிக்கும், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அரட்டை அடிக்கப் பிடிக்கும், சக்திவேலைக் கண்டால் மட்டும் ஆகாது. கொடுக்கல் வாங்கல் தகராறா, சாதிச் சண்டையா என்றால் ஒன்றுமில்லை. பொறாமை. பச்சைப் பொறாமை.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்தில் ஜீப் மெக்கானிக் அற்புதராஜ். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே ஊர்க்காவல் படையில் சேர்ந்தவன். திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடிப்பதும் தேர்தலன்று வாசலில் நிற்பதும்தான் பெரும்பாலும் வேலை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கிப் பயிற்சி உண்டு. அதற்காகத்தான் காக்கிச் சட்டைக்கு அவ்வளவு கஞ்சி போடுவான்.

பயிற்சிக்கு வருவது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். அவனுடைய அப்பாவைவிட வயதில் மூத்தது. பட்டாளத்துப் பெரிய ரைஃபிளின் அதே உருவம், ஏறக்குறைய அதே கனம். குழலின் துளை மட்டும் சின்னது. பெரிய தோட்டாவை வீணாக்காமல், தோளும் வீங்காமல், புது ஆள்களுக்குக் குறி பழக்குவதற்காக அந்தக் காலத்தில் செய்தது. அதில் அற்புதராஜை மிஞ்ச ஆளில்லை. பயிற்சியில் முதலாவதாக வரும் ஒருவரைத்தான் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். பல வருஷமாக அந்த ஒருவர் அவன்தான். ரைஃபிளோடு குப்புறப் படுத்திருக்கும் தன் படத்தைக் கடையில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தான்.

"மாதாவுக்குக் காவலா இது?" என்று கேட்பாள் மனைவி தெரசம்மாள்.

சக்திவேல் இந்த வருஷம்தான் படையில் சேர்ந்தான். புதூர்நாட்டுக்காரன். பலாப்பழமும் புளியும் கீழே கொண்டுவந்து விற்பவன். தோட்டா இல்லாமல் பழகும்போது குழல் நுனியில் ஒரு காசை வைத்து விசையை இழுக்கச் சொல்வார்கள். காசு விழக் கூடாது. சக்திவேலின் காசு விழவே இல்லை. அற்புதராஜுக்கு ஒரு தடவை விழுந்தது.

"புது ஆளு எப்டி அசையாம படுத்துக்கினு கீறான் பாரு, ராஜு!" என்றார் பயிற்சியாளர் கண்ணாயிரம், பட்டாளத்தில் இருந்து வந்தவர்.

அன்று வீட்டில் அற்புதராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "காசு உழலன்னா பெரிய சூரனா? தோட்டா போட்டா தெரியும்," என்றான். தெரசம்மாள் ரசத்தை ஊற்றினாள்.

தோட்டா போடும் நாள் வந்தது. குறி பார்த்துச் சுட வரிசையாக நட்ட அட்டைகளில் இரண்டாம் அட்டை அற்புதராஜுக்கு, வலப்பக்கம் மூன்றாம் அட்டை சக்திவேலுக்கு. ஆளுக்கு ஐந்து குண்டு. அற்புதராஜ் படுத்தான்; கண் மட்டும் தன் அட்டையில் இல்லை. பக்கத்தில் அவன் எப்படிப் படுக்கிறான், அவன் அட்டையில் எங்கே ஓட்டை விழப்போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவு வந்ததும் அவசரமாகக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துச் சுட்டான். ஐந்தும் அருமையாகப் போனதாக மனசு சொன்னது.

எல்லோரும் அட்டைக்கு நடந்தார்கள். இரண்டாம் அட்டை வெள்ளையாக இருந்தது.

"இன்னா ராஜு, ஒண்ணு கூட உழல?"

"குறி பாக்கற முள்ளு ஆடுது சார்."

"துப்பாக்கி மேல பழி போடாத. நான் பாத்து குடுத்தது." கண்ணாயிரம் மூன்றாம் அட்டைக்குப் போனார். "அடி சக்கை! நாலும் ஒரு ரூபா காசுக்குள்ள அடங்கிடும். அஞ்சாவது மட்டும் வலது பக்கம் ஓடியிருக்குது. ராஜு, வருஷா வருஷம் உன் கடைசி குண்டும் இப்டித்தான ஓடும்? உன்ன பாத்தே கத்துக்கினான் போல!"

அற்புதராஜ் குனிந்து பார்த்தான். அவை அவனுடைய ஓட்டைகள். பார்த்துக்கொண்டிருந்த அட்டையிலேயே சுட்டுத் தொலைத்திருக்கிறான்.

குறி தவறுவதில் வெட்கம் இல்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்தவன் அட்டையில் சுட்டவனைப் புது ஆள்களோடு முதல் பாடத்தில் உட்கார வைப்பார்கள். மலை ஏறுகிற ஜீப்பெல்லாம் அந்தக் கதையைச் சுமந்துகொண்டு போகும்.

அப்போதுதான் சக்திவேல் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "சார், இது என்னுது இல்லிங்க. சத்தம் கேக்கறப்பல்லாம் கண்ணு மூடிக்கிச்சிங்க. எங்க போச்சின்னே தெரியல."

கண்ணாயிரத்தின் பார்வை மூன்றாம் அட்டையிலிருந்து இரண்டாம் அட்டைக்கு வந்தது. அங்கிருந்து அற்புதராஜின் முகத்துக்கு ஏறப் பார்த்தது.

"அவன்தான் சார்!" அற்புதராஜ் கத்தியே விட்டான். "நான் பாத்துக்கினே இருந்தேன். அஞ்சும் அவன் சுட்டதுதான். பயத்துல அவனுக்கே தெரியல."

"ஓஹோ! உன் அட்டய வுட்டுட்டு அவன் அட்டயதான் பாத்துக்கினு இருந்தியா? அதான் உன்னுது காலி." எல்லோரும் சிரித்தார்கள். "சரி, இந்த வருஷம் போட்டிக்கு சக்திவேல். கை தட்டுங்க."

முதலில் தட்டியது அற்புதராஜ்தான். தட்டாவிட்டால் சந்தேகம் வரும். நெஞ்சு எரிய எரியத் தட்டினான்.

சக்திவேல் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "வேற யாருன்னா எனக்காக இப்டி சாட்சி சொல்லுவாங்களாண்ணா? நானே நம்பல, நீங்க நம்பினீங்க."

கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா சுட்டிருக்க, தம்பி," என்றான் அற்புதராஜ்.