வேண்டுமென்றே விழுந்த சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேண்டுமென்றே விழுந்தேன்.

தடுக்கி இல்லை. வழுக்கி இல்லை. இடம் பார்த்து, நேரம் பார்த்து, பனியில் பொத்தென்று உட்கார்ந்தேன். ஐம்பத்தொரு வயதில்!

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? கேளுங்கள்... எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய வாசகர்களுக்கு என் நிலவரம் தெரியும். புதியவர்களுக்காக — மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து, என் கணவர் சிவா ஈரோடு போய் எட்டு மாதமாகிறது. அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார். மகள் நிலா டெக்சாஸில் வேலைக்குப் போய்விட்டாள். சன்னிவேல் அபார்ட்மென்ட்டில் இப்போது நானும், அரை டம்ளர் அரிசி வைத்தாலும் மிச்சமாகிற குக்கரும்தான்.

வேலையும் வீட்டிலிருந்தே. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன். அன்று முழுக்க நான் வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று — "கேன் யூ ஹியர் மீ?" அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. மைக்கை ம்யூட்டில் வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் ஸ்கீயிங் — அதாவது பனிச்சறுக்கு — கிளாஸில் சேர்ந்தேன். பெரியவர்களுக்கு, எட்டு சனிக்கிழமை. விடிகாலையில் சன்னிவேலில் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் டாஹோ மலை.

"அம்மா... யூ? ஸ்கீயிங்? லைக், ஆன் ஸ்னோ?" என்றாள் நிலா.

"வேற எதுல பண்ணுவாங்க?" என்றேன்.

சேரும்போதே ஒரு ஃபார்ம். உங்கள் லெவல் என்ன? பனியையே தொட்டதில்லை என்றால் ஒன்று. காலில் மாட்டும் ஸ்கீ பலகைகளின் முனைகளைப் பீட்சாத் துண்டு மாதிரி சேர்த்து பிரேக் போடத் தெரிந்தால் இரண்டு. இடமும் வலமும் திரும்பத் தெரிந்தால் மூன்று. பச்சை வட்டம் போட்ட சுலபமான சரிவில் விழாமல் இறங்கிவிட்டால் நாலு... இப்படி ஒன்பது வரை போகிறது. யோசிக்காமல் ஒன்றை டிக் பண்ணினேன்.

நீங்கள் என்ன டிக் பண்ணினாலும் மலையில் யாரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம். ஒவ்வொருவரையும் ஒரு சரிவில் இறங்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குரூப் பிரிக்கிறார்கள். "எல்லாரும் ஒரு லெவல் கூடப் போட்டுக்கறாங்க. முக்கியமா ஆம்பளைங்க" என்று சிரித்தார் எங்கள் டீச்சர் எய்லீன்.

என் குரூப்பில் டெப்பி, அகிலா. டெப்பி ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், அறுபதைத் தாண்டியவர். அகிலா நாற்பதுக்குள். மதுரைப் பெண், ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட். முதல் நாள் என்னைப் பார்த்ததும் "தமிழா?" என்றாள். தலையாட்டினேன். அடுத்த வார்த்தையே "அக்கா". இருவரும் சேக்ரமென்டோ பக்கத்திலிருந்து காரில் வருகிறவர்கள். பஸ்ஸில் நான் மட்டும்.

மத்தியானம் மூவரும் ஒரே டேபிளில் சாப்பிடுவோம். அகிலாவின் புளியோதரை, டெப்பியின் அவித்த முட்டை, என் ஃபிளாஸ்க் ரசம். கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு பனிமலையில் சுடச்சுட ரசம் குடித்திருக்கிறீர்களா? டெப்பி அதற்கு 'பெப்பர் டீ' என்று பெயர் வைத்து, இரண்டு கப் குடிப்பார்.

அந்த முக்கால் மணி நேரத்துக்காக நான் புதன்கிழமையே புளி ஊறப்போடாத குறை. உண்மையைச் சொன்னால், ஸ்கீயிங் ஒரு சாக்கு.

ஐந்தாம் வாரம், மூவரும் லெவல் மூன்றில் இருந்தபோது, எய்லீன் சொன்னார், "அடுத்த சனிக்கிழமை டெஸ்ட். ஆறு தடவை திரும்பணும், கொடிகிட்ட நிக்கணும், விழக் கூடாது. பாஸ் ஆனவங்க லெவல் நாலு. மலைக்கு அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் என்றால் வேறு லிஃப்ட், வேறு டீச்சர், வேறு கேன்டீன்.

"நீங்க போயிடுவீங்கக்கா" என்றாள் அகிலா, புளியோதரையைக் கிளறிக்கொண்டே. "நான் இந்த ஜென்மத்துல மூணைத் தாண்ட மாட்டேன்." டெப்பி தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். அவர் பங்குக்கு அவ்வளவுதான்.

வாரம் முழுக்க அதே நினைப்பு. பாஸ் ஆகிவிடுவேன் என்று தெரியும். பாஸ் ஆகி? அந்தப் பக்கம் போய், ஃபிளாஸ்க்கைத் திறந்து, யாருக்கு ஊற்றுவது?

டெஸ்ட் அன்று மற்ற குரூப்புகளும் வேடிக்கை பார்க்க நின்றன. முதல் பெயர் என்னுடையது. நாலு தடவை அழகாகத் திரும்பினேன். ஐந்தாவதில்... பொத்!

அடுத்து டெப்பி. முழங்காலாவது மண்ணாவது! பஸ்ஸை வளைக்கிற மாதிரி நிதானமாக வளைத்து வந்து, கொடிக்கு ஒரு அடி முன்னால் நின்றார். கடைசியாக அகிலா. அவளா அது? வாராவாரம் நாலு தடவை விழுகிறவள், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

இரண்டு பேரும் பாஸ்.

இருவரும் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். "ஐஸ் கட்டி ஏதோ தட்டிவிட்டிருக்குக்கா. அடுத்த வாரம் வந்துடுவீங்க" என்றாள் அகிலா. அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. வேண்டுமென்றே விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை லெவல் மூன்றில் புது முகங்கள். ஒரு இளம் ஜோடி. இயர்ஃபோனைக் கழற்றாத ஒருவர். அதே டேபிளில் தனியாக உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் மூன்று பேப்பர் கப் எடுத்து வைத்திருந்தேன். இரண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எய்லீன் கையில் காபியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"நிஜமா விழறவங்க கையை ஊன்றுவாங்க. நீ சோஃபால உட்கார்ற மாதிரி உட்கார்ந்தே. என்னாச்சு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு வா, மறுபடி பார்க்கலாம்" என்றார்.

ரெண்டு மணிக்குப் போனேன். இந்த முறை மனசார இறங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் நிஜமாகவே விழுந்தேன். கை ஊன்றி!

மறுநாள் அகிலாவுக்கு போன் பண்ணினேன். அதுவரை நாங்கள் போனில் பேசிக்கொண்டதே இல்லை. நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அக்கா..." என்றாள். "நான் எப்படி பாஸ் பண்ணினேன் தெரியுமா? அந்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு, தனியா கிளாஸ் எடுத்தேன். யாருக்கும் சொல்லல."

"எதுக்கு?"

"நீங்க மேல போயிடுவீங்கன்னுதான். எனக்கு இங்க வேற யார் இருக்காங்க?"

அவளுக்கும் வீட்டில் யாருமில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விவாகரத்தாகி இரண்டு வருடம். ஐந்து சனிக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புளியோதரையில் எண்ணெய் கொஞ்சம் கூட என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்!

ஒருத்தி கூடவே இருக்க வேண்டுமென்று விழுந்தாள். ஒருத்தி கூடவே வர வேண்டுமென்று எழுந்தாள். நடுவில் யாராவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்... நாம்தான் பேச மாட்டோமே.

கடைசி சனிக்கிழமை சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. ஆனால் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்று அகிலாவை ட்யூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டெப்பி முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டில்.

அன்று டெஸ்ட்டில் நான் பாஸ். கார்டில் எய்லீன் 'நாலு' என்று எழுதிக் கொடுத்தார். கீழே இறங்கி நின்று திரும்பிப் பார்த்தேன். கையாட்ட ஒருவருமில்லை. ஈரோட்டில் விடியவில்லை, சிவா தூங்கிக்கொண்டிருப்பார். நிலாவின் போன் வாய்ஸ்மெயிலுக்குப் போனது. "அம்மா பேசறேன், ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி வைத்தேன்.

கேன்டீனில் இயர்ஃபோன்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை அவரைக் கடந்து போனேன். மூன்றாவது தடவை நின்றேன்.

"இங்க உட்காரலாமா?"

அவர் இயர்ஃபோனைக் கழற்றினார். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்று பிறகு அவரே சொன்னார்... தன்னிடம் யாரும் பேசவில்லை என்பது வெளியே தெரியாமல் இருக்க, சும்மா மாட்டிக்கொள்வாராம்.

சரிவில் இறங்குகிறதுக்கு ஒன்பது லெவல் வைத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்கிறதுக்கு மட்டும் இன்னும் ஒரு கிளாஸ்கூட ஆரம்பிக்கவில்லை!