நல்ல பதிவை மட்டும் அனுப்பினேன்

ஓய்வுபெற்ற பிறகு ஊர்காவற்றுறையில் வயலின் பழகத் தொடங்கினேன். வாசித்ததைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியை திருத்துவார். நான் பலமுறை வாசித்து, பிழையில்லாததை மட்டும் அனுப்பினேன்.

“மீன் விக்கிறவை மாதிரி நல்ல மீனை மேல அடுக்கிறியளோ?” என்றாள் மனைவி திரேசா.

“நீர் பேசாமல் இரும்.”

பதிவுகளை நம்பிய ஆசிரியை, “திருநாள் பூசையில வாசிக்கலாம்” என்றார். அன்று என் வயலினுக்குப் பாடியது திரேசா. மாதா கோயில் நிறைந்திருந்தது. என் மூன்றாவது விரல் இடம் தவறியது. திருத்தத் திருத்தச் சுருதி இன்னும் விலகியது. அதைப் பின்பற்றிய அவளின் குரல் உடைந்து நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பிழை என்னுடையதென்று நான் சொல்லவில்லை.

இப்போது முதல் வாசிப்பையே பிழையோடு அனுப்புகிறேன். அனுப்பும் பொத்தானைத் திரேசாதான் அமத்துகிறாள். என்னோடு பாட மட்டும் அவள் இன்னும் வரவில்லை.