மூன்று பேருக்கான முன்சீட்

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேட்டூரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த நாள் முதல் என் படிப்புக்கு இருந்த ஒரே வேலை, உரமூட்டையில் போட்டிருப்பதை வாசித்துச் சொல்வது. அதனால் ஜீப்புக்கான படிவம் வீட்டுக்கு வந்த அன்று நான் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்தார்கள். காட்டுக்குப் போகிற தடம் முழுக்கக் கல், நடுவே இரண்டு ஓடை. மழை பெய்தால் மாட்டுவண்டி அச்சு முறிந்து கிடக்கும். ஜீப் எடுப்பது என்று முடிவானது. அந்தக் காலத்தில் ஜீப் என்பது கடைக்குப் போய் ஓட்டிக்கொண்டு வருகிற சாமான் இல்லை. என்னென்ன வேண்டும் என்று குறித்து சேலம் ஏஜென்சியில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கணவனின் அண்ணன் எதிரில் பெண்கள் உட்கார மாட்டோம். நேருக்கு நேர் பேசவும் மாட்டோம். ஆகவே அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று படிவத்தை வாசித்தேன். நடுவில் நிலைப்படியில் என் கணவர், இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகிற வேலைக்கு.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அம்மா கேட்டாலும் செரி, அண்ணன் கேட்டாலும் செரி, கிழங்கு வியாபாரி கேட்டாலும் செரி. எல்லாருக்கும் செரி சொல்லிவிட்டு, அத்தனை செரியையும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர்.

“பெட்ரோலா டீசலா?” என்று வாசித்தேன்.

“டீசல்தான்” என்றார் அண்ணன். குறித்தேன்.

“ரெண்டு சக்கரம் இழுக்கறதா, நாலும் இழுக்கறதா?”

“நாலும் இழுக்கோணும். ஓடைல நின்னு போச்சுன்னா எவன் தள்றது?”

அடுத்து ஒரு சொல் எனக்கே புரியவில்லை. பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்து, “முன்னால ஒரு உருளை. அதுல இரும்புக் கயிறு சுத்தியிருக்கும். வண்டி சேத்துல மாட்டுனா மரத்துல கட்டி இழுத்துக்கலாமாம்” என்றேன்.

“கெணத்துல உழுந்த எருமையத் தூக்கலாமா?” என்று கேட்டார் அண்ணன்.

“செரி, போடச் சொல்லீரலாம்” என்றார் என் கணவர்.

“எருமை உழுந்தா அன்னிக்குப் பாத்துக்கலாம். இப்பவே அதுக்கு எதுக்குங்க ஒரு உருளை?” என்று நான் அடிக்குரலில் கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பி, “அவளும் செரிங்கறா” என்றார்.

இப்படியே இழுவைக் கொக்கி, கூடுதல் டயர், மேலே படுதாவா தகரக் கூண்டா என்று போனது. நிறத்துக்கு வந்தபோது என் கணவர் சிவப்பு என்றார். தீயணைப்பு வண்டி என்று நினைத்து ஊர்க்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள் என்றேன். பச்சை என்று குறித்தேன். தண்ணீர் திருப்பிவிட வேண்டும் என்று அண்ணன் எழுந்து போனார். மிச்சமிருந்தது ஒன்றுதான்: முன்சீட். இரண்டு பேருக்குத் தனித்தனி சீட்டா, மூன்று பேர் உட்காருகிற ஒரே நீள சீட்டா?

அதற்காகத்தான் நான் அத்தனை நேரம் காத்திருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் பனமரத்துப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு உறவுக்காரர் ஜீப்பில் போனோம். ஆண்கள் முன்னால். பெண்கள் பின்னால், எதிரும் புதிருமாகப் போட்ட பலகை சீட்டில், முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு. பின்னால் உட்கார்ந்தால் போகிற வழி தெரியாது. விட்டுவந்த வழிதான் தெரியும், அதுவும் புழுதியோடு. இவர் முன்னாலிருந்து “அதா, ஏரியப் பாரு” என்று கத்தினார். நான் படுதாவைத் தூக்குவதற்குள் ஏரி போய்விட்டது. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். நான் பார்க்காத ஏரியைப் பற்றி அவர் திரும்பி வந்து இரண்டு நாள் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் முன்னாலதான் உக்காருவேன்” என்றேன்.

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு நடந்து வரட்டும்.”

அவர் சிரித்தார். “செரி. நடுவுல பாப்பாவ உக்கார வெச்சுக்கலாம். கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு.” எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. நீள சீட் என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறித்தேன். மறுபக்கம் வரை பதிந்தது.

அவர் சேலம் போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். “நீ சொன்னபடியே குடுத்துட்டேன்” என்றார். அன்று அது உண்மைதான்.

பிறகு காத்திருப்பு. மேட்டூரில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல், ராசிபுரம் வழியாக சேலம், அங்கிருந்து மேட்டூர். இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குப்போசி, ஏறிய பஸ்ஸிலெல்லாம் நின்றபடி பயணம். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் அவரைப் பிடித்து உலுக்குவேன். “வண்டி எப்பங்க வரும்?” அவரும், “வந்துரும், வந்துரும்” என்பார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அதுதான் எனக்கு இன்னும் கோபம் ஏற்றும்.

ஒருநாள் ராசிபுரத்தில் பஸ் மாறும்போது பிள்ளை கையிலிருந்து நழுவி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே வெடித்தேன்.

“நீள சீட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கட்டை வண்டில இஞ்சின மாட்டிக் குடுத்தாலும் செரி. சீக்கிரம் வந்தாப் போதும்னு போய்ச் சொல்லுங்க!”

“செரி” என்றார். பிள்ளையின் முழங்கைக்கு மஞ்சள் வைத்துவிட்டார். மறுநாள் காலை, மோட்டார் காயில் கட்டக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி சேலம் போனார். நான் சொன்னதை நான் மறந்துவிட்டேன். கோபத்தில் சொல்வதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அதற்கும் அசையாமல் போனதும் வாடகைக் காரில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். நாமக்கல் தாண்டும்போது, “அந்த சீட்டு சமாச்சாரம் ஒன்னு சொல்லோணும்” என்றார்.

“சீட்டா இப்ப முக்கியம்? பேசாம படுங்க. அப்புறம் சொல்லலாம்” என்றேன்.

அப்புறம் என்று ஒன்று இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. அதையும் நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். நடுவில் நிலைப்படி காலியாக இருந்தது. வண்டி தயார், வந்து எடுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாக விவரம். டீசல். நாலு சக்கர இழுவை. படுதா. சாம்பல் நிறம். முன்சீட், தனித்தனியாக இரண்டு. அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அழுகிறேன் என்று நினைத்து அண்ணன், “போதும் அம்மிணி, படிக்க வேண்டாம்” என்றார். நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம்.

வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நான் அந்தப் பக்கம் வரக்கூடாதாம். சன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் இரண்டு சீட், நடுவில் ஒரு சந்து, சந்தில் கியர் கம்பி. என் கண் முழுக்க அந்தச் சந்திலேயே இருந்தது. நான் அத்தனை அழுத்திக் குறித்ததை எனக்குத் தெரியாமல் அடித்து மாற்றியிருக்கிறார். யாருக்குச் செரி சொல்ல என்னிடம் பொய் சொன்னார்? அண்ணன் சொல்லியிருப்பாரா? பொம்பளை முன்னால் உட்காருவதா என்று யாரோ சிரித்திருப்பார்களா? பதினைந்து நாள் சமையலறைச் சுவரோடு சண்டை போட்டேன். “செரி செரின்னு சொல்லியே ஏமாத்திட்டீங்களே, முகத்துக்கு நேரா ஒரு தடவை மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?” சாப்பாடு இறங்கவில்லை. செத்துப்போன மனிதனோடு சண்டை போடுவதைப் போல ஒரு கொடுமை இல்லை. பதிலுக்கு ஒரு செரி கூட வராது.

பதினாறாம் நாள் ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர். அவரும் ஓர் ஆளுமாகப் பின்னாலிருந்து கோணி சுற்றிய ஒன்றை இறக்கி வைத்தார்கள். கோணியைப் பிரித்தால் நீள சீட். பச்சை ரெக்ஸின்.

பட்டறைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “ஏனுங்கம்மா, நான் முன்னாலயே வந்திருக்கோணும். வண்டி வரலையாக்கும்னு இருந்துட்டனுங்க. நேத்து நாமக்கல்ல வண்டி போறதப் பாத்தேன், கம்பெனி சீட்டோடயே போவுது. மனசு கேக்கலீங்க.”

“இதை யார் செய்யச் சொன்னது?” என்று கேட்டேன்.

“அவருதானுங்க. சேலத்துல இருந்து நேரா பட்டறைக்கு வந்தாரு. ‘நீள சீட்டு வண்டின்னா இன்னும் ஒரு வருசம் ஆகுமாம். தனி சீட்டுல சாம்பல் கலர் வண்டின்னா சீக்கிரமாம். ஊட்டுல எப்படி இருந்தாலும் செரி, சீக்கிரம் வந்தாப் போதும்னு சொல்லிப்போட்டா. அதனால மாத்தி எழுதிக் குடுத்துட்டேன். சீட்ட நீ பண்ணி வெச்சுரு. சேலத்துல வண்டிய எடுத்ததும் நேரா இங்க கொண்டாரேன், மாட்டிப்போட்டுத்தான் ஊட்டுக்கு ஓட்டோணும். அவ பாக்கறப்ப அவ கேட்ட வண்டியா இருக்கோணும்’ன்னாருங்க.”

எங்கள் ஊர்ப்பக்க ஆண்களின் புத்தி அப்படித்தான். கம்பெனி எதை வேண்டுமானாலும் அனுப்பட்டும், சேஸிஸும் இஞ்சினும் வந்து சேர்ந்தால் போதும், மிச்சத்தை நாமக்கல் பட்டறையில் நினைத்தபடி கட்டிக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்கள். வண்டியைப் போலவே வாழ்நாளையும் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துவிட்டார்.

பட்டறைக்காரர் சீட்டின் இடது ஓரத்தைத் தட்டிக் காட்டினார். “இந்தப் பக்கம் மட்டும் நாலு விரக்கடை கூட வெக்கச் சொன்னாருங்க. ‘அவ கொஞ்சம் பூசுனாப்புல இருப்பா, இடிச்சுக்கக் கூடாது’ன்னாரு.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாசலில் நின்று நான் கத்தியது ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. சீக்கிரம் வந்தாப் போதும். நான்தான் சொன்னேன். அவர் எனக்குத்தான் செரி சொல்லியிருக்கிறார், இரண்டு தடவையும். காரில் அதைச் சொல்ல வந்த வாயையும் நான்தான் அடைத்தேன். ஆள் முன்னால் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பட்டறைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வேனில் ஏறிப் போனார்.

அண்ணன் கீழே கிடந்த கோணியை எடுத்து மடித்து வைத்தார். பிறகு வேலியைப் பார்த்தபடி, “மாட்டிப்போடலாமா அம்மிணி?” என்று கேட்டார்.

அவர் நல்ல மனிதர். கேட்டபிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், முகம் சுருங்கிவிட்டது. இனி அந்த வண்டியை ஓட்டப் போவது அவர். அவர் எதிரில் நான் கட்டிலில்கூட உட்கார்ந்ததில்லை. அவர் பக்கத்தில், ஒரே சீட்டில், உட்கார்ந்து மேட்டூர் போவேனா? முன்னால் உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது முன்சீட்டுக்காக இல்லையே.

“வேண்டாங்க” என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

அம்மாவைப் பார்க்க அந்த வண்டியில் பல தடவை மேட்டூர் போனேன். பின்னால், பலகை சீட்டில், மகளை மடியில் வைத்துக்கொண்டு, விட்டுவந்த வழியைப் பார்த்தபடி. எண்பதுகளின் நடுவில் அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டு டிராக்டர் எடுத்தார். சீட்டைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அது அதற்கு முன்பே என் அறைக்குள் சுவரோரமாக, இரண்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது. மகள் அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பத்தாவது வரை படித்தாள். நடுவில் ரெக்ஸின் கிழிந்து இரண்டு தடவை ஒட்டுப் போட்டிருக்கிறேன். இடது ஓரம் நான் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துவிட்டது; நாலு விரக்கடையும் எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஓட்டுகிறவருக்கான வலது ஓரம் பட்டறையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தெரியாமல் அங்கே உட்காரப் போவார்கள். “கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காருங்க, அங்க ஆளிருக்கு” என்று சொல்லிவிடுவேன்.