எண்களைப் பூட்டியது யார்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்தேன். ஸ்ரீராம்புரத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, மல்லேஸ்வரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் செய்யும் வேலையில் சேர்ந்தேன்.

ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். காலையில் அதில் உட்காருபவர் ஓர் அக்கா. மல்லேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், டைப்ரைட்டர் காலத்திலிருந்தே சாரிடம் வேலை பார்ப்பவர். மதியம் இரண்டு மணிக்கு மேல் நான். அக்கா எழுந்து போகும் முன், முந்தைய நாள் நான் டைப் செய்த தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுப்பார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு உறுத்தும்.

ஒருநாள் சார் கோர்ட்டிலிருந்து கோபமாக வந்தார். "ஆறாவது பாராவில் சொன்னபடின்னு அடிச்சிருக்கே. ஆறாவது பாராவுல வேற என்னமோ இருக்கு. எதிர் வக்கீல் சிரிக்கிறான்."

நான் சரியாகத்தான் அடித்திருந்தேன். என் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன், அதில் ஆறு ஆறாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் அதே பாரா ஐந்தாகியிருந்தது. நடுவில் கை வைத்தது அக்கா மட்டும்தான்.

ஐந்தை ஆறாக்கிவிடலாம் என்று கர்சரைக் கொண்டுபோனேன். அந்த எண்ணின் மேல் அது நிற்கவே இல்லை. முதல் எழுத்துக்கு முன்னால் வைத்து இடது அம்புக்குறியை அழுத்தினால், எண்ணைத் தாண்டி மேல் வரியின் கடைசிக்கு ஓடியது. ஹோம் கீயும் எண்ணுக்குப் பின்னால்தான் விட்டது. மௌஸால் எண்ணின் மேலேயே அழுத்திப் பார்த்தேன், அப்போதும் உள்ளே போகவில்லை. நான் திருத்திவிடக் கூடாதென்று அக்கா ஏதோ பூட்டுப் போட்டுவிட்டார் என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த பிரிண்டைச் சாரிடம் நீட்டினேன். "காலையில யாரோ மாத்தறாங்க சார்." யார் என்று அவர் கேட்கவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அதோடு விடவில்லை. அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கே போய், சத்தமில்லாமல் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். அக்கா இடது அம்புக்குறியைக் குத்திக்கொண்டிருந்தார். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முனகினார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வந்தியா? நீதானே இந்த நம்பருக்கு லாக் போட்டு வெச்சிருக்கே? நோடு, இங்க பாரு, கிட்ட போனா ஓடுது."

"நானா? நீங்கதான்னு நெனச்சேன்க்கா."

அவர் நம்பவில்லை. என் கண்ணெதிரே பேக்ஸ்பேஸை ஒருதரம் தட்டினார். எண் முழுசாக மறைந்து, கீழே இருந்த எண்களெல்லாம் ஒன்று குறைந்தன. இருவரும் திகைத்துப் போனோம். மறைந்த எண்ணைத் திரும்ப வரவழைத்துவிட்டு, சோதனைக்காக நடுவில் ஒரு பாராவை அழித்துப் பார்த்தோம். அப்போதும் எண்கள் தாமாகவே நகர்ந்தன. 'ஆறாவது பாரா' என்று நான் கையால் அடித்தது மட்டும் அப்படியே நின்றது.

"அன்னைக்கு சார் ஒரு பாராவை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அவ்வளவுதான்ம்மா நான் பண்ணது" என்றார் அக்கா.

அந்த எண்கள் நாங்கள் அடித்தவையே அல்ல. கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்பவை. அதனால்தான் கர்சருக்கு அங்கே இடமில்லை. எண் வந்தவுடன் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் அது சாதாரண எழுத்தாகிவிடும் என்பதைப் பிறகு இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம்.

அன்று மதியமே சார் அக்காவை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர் என் மேஜை அருகே நின்றார்.

"நான் இல்லாதப்போ சார்கிட்ட ஏதாவது சொன்னியாம்மா?"

"இல்லக்கா."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரத்திலிருந்து காலையில் செய்த வேலையை முழுவதும் பிரிண்ட் எடுத்து, சாரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தார். நான் அங்கிருந்த இரண்டு வருடமும் அதை அவர் நிறுத்தவில்லை. சாரிடம் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.