ஓடக்காரன் பாட்டின் பின்பாதி

கச்சேரிக்குப் போய் வந்தவர் அதை எங்கள் கூட்டத்தில் 'இறக்க' வேண்டும். அந்தச் சொல்லை வைத்தவர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி. அவருக்குக் கண்டிச் சந்தைக்கு எதிரே துணிக்கடை, வீடு அக்குறணையில். லொறியில் வந்த மூட்டையை இறக்கிப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, கச்சேரியும் அப்படித்தான் என்பார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடைப் பலகைகளைப் போட்டுவிட்டு, காற்றுக்கு ஒரு பலகையை மட்டும் விலக்கி வைத்து, நாங்கள் நான்கு பேர் உட்காருவோம். போய் வந்தவர் சொல்லி முடிக்கும்வரை போகாதவர் வாய் திறக்கக் கூடாது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு விதிதான். அதையும் நானாவே மீறுவார்.

மற்ற இருவரில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தார். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துவிட்டு நேரே வருவார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். மற்றவர் கண்டி ரயில் நிலையத்தில் உதவி நிலைய அதிபர், யாழ்ப்பாணத்தார். மனைவி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். அவரை நான் அண்ணே என்பேன். நால்வரில் வயதில் குறைந்தவன் நான். தாய் தகப்பன் புசல்லாவைப் பக்கத்தில் தோட்டத்து வேலை. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான் என்பதால், எந்த விஷயமானாலும் அதற்கொரு புத்தகம் இருக்கும், அதைப் படித்துவிட்டால் விஷயம் கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். கிளார்க்கு வேலைச் சம்பளத்தில் ராகங்களைப் பற்றி ஒரு புத்தகமும் வாங்கியிருந்தேன்.

கச்சேரியை ஆளுக்கொரு விதமாக இறக்குவார்கள். மாத்தளைக் கோயில் திருவிழாவில் நாயனம் கேட்டுவிட்டு வந்த மாஸ்டர், மழைக்கு எல்லோரும் ஓடிய பிறகும் அந்த மனிதர் நனைந்த துணியோடு எப்படி மூச்சு அறாமல் வாசித்தார் என்பதையே ஒரு மணி நேரம் சொன்னார். அவருக்கு எல்லாமே மூச்சுத்தான். நானாவோ கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது, நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாடகரைக் கேட்டுவிட்டு வந்தார். இருக்கு என்பது அவர் பேச்சில் 'ஈக்கு' என்றே வரும்.

"குரலு ஈக்கே மாஸ்டர், புதுப் பட்டக் கிழிச்சாப் போல. கிழிஞ்ச எடம் நூல் பிடிச்சாப்ல நேரா ஈக்கும்."

"என்ன ராகம் நானா?" என்று கேட்டேன்.

"நான் பட்டப் பத்திப் பேசுறேன், இந்தத் தம்பி வெல எவ்வளவுங்குறான்!"

அண்ணருக்கு ராகமும் வேண்டாம், மூச்சும் வேண்டாம். பாட்டில் யார் என்ன சொன்னார், அதற்கு மற்றவர் என்ன சொன்னார் என்பதுதான் வேண்டும். அதனால்தான் ஓடக்காரன் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த இசைத்தட்டு அவருடையது. தமிழ்நாட்டிலிருந்து புகழ்பெற்று வந்த ஒரு பாடகியம்மாள் பாடியது. ஆற்றங்கரையில் நிற்கும் பெண் அக்கரை போக ஓடக்காரனைக் கூப்பிடுகிறாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாம் முறை குரலை மேலே தூக்கிக் கூப்பிடுகிறாள். அதோடு தட்டின் முன்பக்கம் முடிந்துவிடும். மிச்சப் பாட்டு பின்பக்கத்தில். ஆனால் அந்தப் பக்கத்தை ஊரில் அவருடைய கடைசி மகன் ஆணியால் உழுதுவிட்டான். ஊசி வைத்தால் முதல் வரிக்கு முன்னாலேயே துள்ளி நடுவுக்குப் போய்விடும். கொழும்பில் கேட்டுப் பார்த்தோம். அந்தத் தட்டு இப்போது வருவதில்லை என்றார்கள். ஆகவே, ஓடக்காரன் வந்தானா இல்லையா என்பது பல வருடமாக எங்களுக்குத் தெரியாது.

"வராம என்ன? ஓடம் ஓட்டுறது அவன்ட வியாவாரம். கூப்பிட்டா வருவான்," என்பார் நானா.

"ஓடக்காரன்னா கடவுள். அவரு நேரம் வரும்போது வருவாரு," என்பார் மாஸ்டர்.

"அவன் வரமாட்டான்," என்பார் அண்ணர். ஏனென்று கேட்டால் சொல்லமாட்டார்.

நானாவின் கிராமபோனில் தட்டு முடிந்ததும் ஊசி கறகறவென்று உரசும். அந்தச் சத்தம் காதில் விழக் கூடாதென்று, மூன்றாவது கூப்பாடு முடிந்த உடனே நானா கை தட்டத் தொடங்கினார். பிறகு நாங்களும் தட்டினோம். பாடகி எதிரில் இருப்பது போலவே பலமாகத் தட்டுவோம். அப்புறம் மாஸ்டர் எழுந்து போய் ஊசியைத் தூக்குவார். அது எங்களுக்குப் பழகிப்போன காரியம்.

அந்தப் பாடகியம்மாளே கண்டிக்கு வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். நகர மண்டபத்தில் சனிக்கிழமை மாலை. அண்ணருக்கு அன்று மாலை வேலை. மாறிக்கொள்ள வேண்டிய மற்ற உதவி அதிபர் காய்ச்சலில் படுத்திருந்தார். அண்ணர் எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "ராகம், தாளம், அவ உடுத்த சேலை, ஒண்டும் எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டுப் பாடுவா. பாடாட்டில் நீங்கள் எழும்பிக் கேளுங்கோ. பின்பாதியை வடிவாக் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்ல வேணும். மூண்டு பேர் போறியள். ஆளுக்கு ஒரு வரியெண்டாலும் நினைவில வைக்க மாட்டியளே?"

"நான் எல்லா வரியும் கொண்டாறேன்ணே," என்றேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் கைவைத்த கதிரைகளில் பெரிய உத்தியோகத்தர்கள், வக்கீல்கள், கடை முதலாளிமார். நாங்கள் பின்னால் வாங்குப் பலகைகளில். நான் வாழ்க்கையில் கேட்ட முதல் பெரிய கச்சேரி அது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த சங்கீதமெல்லாம் தோட்டத்தில் கேட்ட தப்பு மேளமும், இந்தக் கிராமபோனும்தான். பாடகியம்மாள் தட்டில் கேட்டதைவிடத் தாழ்ந்த குரலில் தொடங்கியது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு பாட்டை எடுத்தால் அவர் விடுவதாக இல்லை. தட்டில் மூன்று நிமிடத்தில் முடிகிற கீர்த்தனையை அரை மணி நேரம் பாடினார். எனக்குத் தெரிந்த பாட்டே எனக்குத் தெரியாமல் போனது. நான் படித்த புத்தகத்தில் ராகத்துக்கு எத்தனை சுரம் என்று போட்டிருந்ததே தவிர, ஒரே சுரத்தில் ஒருவர் இவ்வளவு நேரம் நிற்பார் என்று போடவில்லை.

மாஸ்டர் கண்ணை மூடி, வாயைத் திறந்து, தானும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தார். நானா என் முழங்காலில் தாளம் போட்டார்.

கடைசியில் சின்னப் பாட்டுகள் வந்தன. ஓடக்காரன் பாட்டை நாங்கள் எழுந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. அவராகவே எடுத்தார். நானா என் கையைப் பிடித்து, "காதத் தொற!" என்றார். நான் குனிந்து, தரையைப் பார்த்து, ஒரு சொல்லும் தப்பக் கூடாதென்று கேட்டேன். முதல் கூப்பாடு, இரண்டாவது. மூன்றாவதைத் தட்டில் இருப்பதைவிட நீட்டி, மேலே கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தியதும் நாங்கள் மூவரும் கை தட்டினோம்.

யோசித்துத் தட்டவில்லை. அந்த இடத்தில் எங்கள் கை தட்டும், அவ்வளவுதான். பின்னால் வாங்குகளில் இருந்தவர்கள், பாட்டுத் தெரிந்தவர்கள் தட்டுகிறார்களே, பாட்டு முடிந்துவிட்டது என்று தாங்களும் தட்டினார்கள். கதிரைகளுக்கும் அது பரவியது. பிடில்காரர் வில்லைத் தூக்கியபடி பாடகியம்மாளைப் பார்த்தார். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்து, கும்பிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து அடுத்த பாட்டுக்குப் போனார். நாங்கள் செய்தது எங்களுக்கு உறைக்குமுன் மங்களமும் பாடி முடித்துவிட்டார்.

நானாவின் கை அப்போதும் தட்டிய நிலையிலேயே இருந்தது. "மாஸ்டர்," என்றார், "நாம என்த செஞ்சோம்?"

"இந்தத் தட்டத் திருப்ப ஆளில்ல நானா," என்றார் மாஸ்டர்.

வாவிக் கரையோடு நடந்து வரும்போது நானா ஒரு யோசனை சொன்னார். பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாட்டைப் பாதியில் விட்டுவிட்டார் என்று அண்ணரிடம் சொல்லலாம். மாஸ்டர் இன்னொன்று சொன்னார். பின்பாதியை நாமே கட்டிவிடலாம்; ஓடக்காரன் வந்தான் என்று வைத்தால் ஆயிற்று. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இறக்கும்போது உள்ளதைத்தான் இறக்க வேண்டும் என்றேன்.

"அப்ப நீயே எறக்கு," என்றார்கள் இருவரும்.

மறுநாள் அண்ணர் எங்களுக்கு முன்பே கடை வாசலில் நின்றார். நானா தேநீர் ஊற்றி, மண்டபத்தின் விளக்கு, கூட்டம், பாடகியின் காதுத் தோடு என்று வளர்த்திக்கொண்டே போனார். அண்ணர் விதிப்படி வாய் திறக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பிடிலைப் பற்றிச் சொன்னார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"கை தட்டினியளோ?" என்றார் அண்ணர்.

"ஆமாண்ணே."

"மூண்டு பேருமோ?"

"மூணு பேருமே."

"உங்களுக்கு விசரோ! நான் ஒரு கழுதையை அனுப்பியிருந்தாலும் அது காதையெண்டாலும் ஆட்டியிருக்கும். கை தட்டியிராது."

நானா சிரித்துவிட்டார். அண்ணர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, பாடகி குழுவுக்குத் திங்கட்கிழமை காலை வண்டியில் இடம் பதிவாகியிருக்கிறது, பொல்காவலையில் மாறித் தலைமன்னார் போய்க் கப்பலேறுகிறார்கள், காலை வேலை தனக்குத்தான் என்றார். "இனி நானே கேட்கிறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு வரை எங்களுக்குப் பொறுக்கவில்லை. நான் அலுவலகம் விட்டு நிலையத்துக்கே போகப் பார்த்தேன். அது ஒழுங்கில்லை, அவர் இறக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். ஞாயிறன்று அண்ணர் வேலைக்குப் போகும் வெள்ளை உடுப்பிலேயே வந்தார். மாலை வேலை இருந்தது. அன்று இறக்கியவர் அவர்தான். நாங்கள் வாய் திறக்கவில்லை.

"தம்புராப் பெட்டியை ஏத்த நானே நிண்டு உதவி செய்தன். அவ கழுத்தில கம்பளி சுத்தி, ஜன்னலோரம் இருந்தவ. நான் போய்க் கும்பிட்டு, அம்மா, ஓடக்காரன் வந்தவனோ எண்டு கேட்டன். அவவுக்கு விளங்கேல்லை. பிறகு தட்டின்ரை கதை, மகன் ஆணியாலை கீறினது, உங்கடை கைதட்டு எல்லாம் சொன்னன். சிரிச்சவ, சிரிச்சு இருமலே வந்திட்டுது. பிறகு சொன்னவ. பாடேல்லை, தொண்டை சரியில்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரி வரி வரியாச் சொன்னவ, ரெண்டு தரம்."

அவர் நிறுத்தினார். நானா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பின்பாதி முழுக்க ஓடக்காரன்ரை பேச்சு. அவன் அக்கரையிலை நிண்டு இவளைக் கூப்பிடுறான். இவள் கூப்பிட முன்னமே கூப்பிடத் தொடங்கிட்டான். காத்து எதிர்க்காத்து. அவன் குரல் இவளுக்குக் கேட்கேல்லை. இவள்தான் வரப்போறாளில்லை எண்டு அவன் நினைக்கிறான். அவ்வளவுதான் பாட்டு."

பிறகு நானாதான் விதியை மீறினார். "அப்ப போறானா வாரானா?"

"அது பாட்டிலை இல்லை."

"மெட்டு?" என்றார் மாஸ்டர். "முன்பாதி மெட்டுத்தானா?"

"அதைத்தான் கேட்டன். கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டிறன் எண்டு கம்பளியைத் தளர்த்தினவ. வண்டி நேரம் வந்திட்டுது. நான்தான் வண்டியை விட உத்தரவு குடுக்க வேணும். குடுத்திட்டன்."

"ஒரு நிமிசம் நிப்பாட்டினா என்த?" என்று நானா எழுந்தே விட்டார். "ஒங்கட கையில கொடி! ஒரு நிமிசம்!"

"பொல்காவலையிலை தலைமன்னார் வண்டி எனக்காக நிக்குமோ? அதிலை அவவும்தானே போக வேணும்."

நானா மறுபடி உட்கார்ந்தார். அண்ணர் வரிகளைச் சொன்னார். தந்தி அடிக்கிறவர் போல ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொன்னார். மாஸ்டர் தட்டைப் போட்டு முன்பாதி மெட்டை ஒரு தரம் கேட்டார். பிறகு மேசையில் விரலால் தட்டிக்கொண்டு ஓடக்காரனின் வரிகளை அந்த மெட்டில் பாடிப் பார்த்தார். முதல் வரி போனது. இரண்டாவது இழுத்துப் பறித்துப் போனது. மூன்றாவது போகவே இல்லை. சொற்கள் மெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. வேகமாகப் பாடினார், மெதுவாகப் பாடினார். ஒரு சொல்லை விட்டுப் பாடினார்.

"அண்ணே, சொல்லு ஏதாச்சும் மாறிப்போச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் மாறேல்லை. ரெண்டு தரம் சொன்னவ."

"அப்ப இந்த மெட்டுல உக்காராது," என்றார் மாஸ்டர். "இவனுக்கு வேற மெட்டு இருந்திருக்கணும்."

அண்ணர் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். "வேறை மெட்டோ? நிச்சயமோ?"

"நிச்சயந்தான். அவ பாட்டுல இவன் பாடல. இவனுக்குன்னு ஒண்ணு இருக்கு."

"அவனுக்கெண்டு ஒண்டு," என்று அண்ணர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அது காணும் எனக்கு, போதும்," என்றார். "நான் வாறன்."

அவர் போன பிறகும் மாஸ்டர் மூன்றாவது வரியை விடவில்லை. அதற்கு என்ன மெட்டாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தார். நானா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, இல்லை, இது ஓடக்காரன் இல்லை, இது வக்கீல் என்று தள்ளிக்கொண்டிருந்தார்.