பல்செற் பசையும் மலர் அன்ரியும்

இன்று செவன் ஹில்ஸ் பல் கிளினிக்கில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெரு மலர் அன்ரி. கையில் பல்செற் ஒட்டும் பசை.

"அமெரிக்காவிலை என்ர தங்கச்சி இதை வரியில்லாத ஹெல்த் அக்கவுண்டிலை வாங்கிறவள். இங்கை பல்லு, கண்ணுக்கெண்டு நான் கட்டுற எக்ஸ்ட்ராஸ் காப்புறுதியிலை ஏலாதே?" என்று வரவேற்பில் இருந்த தமிழ்ப் பிள்ளையைக் கேட்டார்.

"பசைக்கு இல்லை அன்ரி. விளையாடேக்கை பல்லு உடையாமல் போடுற மவுத்கார்டுக்குத் தருவினம்."

அன்ரி பசையை மேசையில் வைத்தார்.

"நான் கிழமைக்குக் கிழமை பட்மின்ரன் விளையாடுறனான். பல்லைக் கழட்டி வைச்சிட்டுத்தான் விளையாடுறது. அவையளுக்கு மவுத்கார்ட் காசு மிச்சம். அதைப் பசைக்குத் தரலாம்தானே?"

பிள்ளை சிரிக்கவில்லை. காப்புறுதிக்காரருக்குப் போன் போட்டு அன்ரியிடம் கொடுத்தாள்.

நான் பல் துப்புரவாக்கி வெளியே வந்தபோதும் அன்ரி லைனில்தான் இருந்தார். மறுமொழி சொல்லக்கூடிய ஆளை அங்கே தேடுகிறார்களாம்.

உங்களில் யாராவது சொல்லுவீர்களா?